காற்றை ஏற்றும் முன் கன்ராடைப் பாருங்கள்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருத்தணி மலை கண்ணில் படும் இடத்தில் நின்று சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தெற்கே அரக்கோணம், அங்கே எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. சோளிங்கரைத் தாண்டினால் புலிவலம். அங்கே டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போசார்ஜர் செய்கிறது. தென்கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வரிசையாக வெளியே வருகின்றன. சென்னைக்குள் நுழைந்தால் செம்பியத்தில் 1949ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் போல்ட்டும் நட்டும் செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸ், வால்வுக்குப் பெயர்போன ரானே. டர்போ எஞ்சினுக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்யத் தெரிந்த பூமி இது.

இவ்வளவு இருந்தும், டர்போ ஆசையில் கெட்டுப்போகும் எஞ்சின்களும் இங்கே ஏராளம். பழைய ஸ்விஃப்ட்டோ எஸ்டீமோ கைக்கு வரும். வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்று பழைய சாமான் கடையில் கிடைக்கும். மேனிஃபோல்டை வெட்டி, வெல்டு வைத்து, காற்றுக் குழாயைத் திருப்பிவிட்டால் வண்டி பறக்கும். அந்த முதல் வாரத்து ஆனந்தத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டில் அப்பிக்கொள்வது எந்த வயதிலும் சிரிக்கவைக்கும் அனுபவம். பிறகு ஒருநாள் சைலன்சரில் நீலப் புகை வரும். அல்லது உள்ளேயிருந்து சுத்தியல் அடிக்கிற சத்தம் வரும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் ஓரம் உடைந்திருக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடு வளைந்திருக்கும். சில எஞ்சின்களில் கன்ராடு பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

‘டர்போ போட்டாலே எஞ்சின் போயிடும்’ என்ற பேச்சு இப்படித்தான் பட்டறைகளில் நிலைத்தது. அது தவறான பேச்சு. டர்போவின் வேலை காற்றை அழுத்தி அனுப்புவது மட்டும்தான். அந்தக் காற்று மூட்டும் நெருப்பைத் தாங்கும் உடம்பை முதலில் கட்ட வேண்டும். அதைக் கட்டும் கைத்திறன் நம் ஊர் லேத் பட்டறைகளிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று குட்டி யானைகள்

மாருதியின் 1,298 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எஸ்டீமிலும் ஜிப்சியிலும், 2005ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்தது இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். சிலிண்டரின் விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 75.5 மி.மீ. பிஸ்டனின் தலைப்பரப்பு சுமார் 43 சதுர சென்டிமீட்டர் வரும். டர்போ இல்லாத எஞ்சினில் பெட்ரோல் எரியும் உச்சக் கணத்தில் உள்ளே 80 பார் அழுத்தம் என்று வைத்தால், பிஸ்டன் தலையில் விழும் பாரம் ஏறக்குறைய மூன்றரை டன். சரக்கேற்றிய இரண்டு குட்டி யானை வண்டிகளை ஒரு டீ டம்ளர் அகலத்துப் பிஸ்டனின் மேல் நிறுத்துவதற்குச் சமம். டர்போ வந்து அழுத்தம் 120 பாருக்குப் போனால் அது ஐந்து டன்னைத் தாண்டும். மூன்றாவது வண்டியும் மேலே ஏறிவிட்டது. 6,000 ஆர்.பி.எம்.மில் இந்த அடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை விழுகிறது.

இது கன்ராடை நசுக்கும் விசை. இழுக்கும் விசை ஒன்றும் உண்டு. 6,500 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒரு நொடியில் இருநூறு தடவைக்கு மேல் நின்று திரும்புகிறது. மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதன் எடை புவியீர்ப்பின் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் பெருகியதுபோல் கன்ராடை இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்குவது, கன்ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டில் இருக்கும் இரண்டு சிறிய போல்ட்டுகள். காற்றழுத்தத்தைக் கூட்டினால் நசுக்கும் விசை கூடும். சுற்று வேகத்தைக் கூட்டினால் இழுக்கும் விசை கூடும், அதுவும் வேகத்தின் வர்க்கத்தில். டர்போவும் வேண்டும், ரெட் லைனையும் ஏற்ற வேண்டும் என்பவர் இரண்டு கடனையும் சேர்த்து வாங்குகிறார்.

இவற்றை விடக் கொடியது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவிவர வேண்டும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினால், தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் வார்ப்பு பிஸ்டனில் சிலிக்கான் அதிகம். சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானம் குறைவு, சத்தம் போடாது. தினசரி ஓட்டத்துக்கு அதுதான் சிறந்தது. ஆனால் அடி விழுந்தால் வளைந்துகொடுக்காது, தெறித்துவிடும். ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய திட்டு முதலில் உடைகிறது. நாக்கிங் தொடர்ந்தால் நல்ல பிஸ்டன் சில நொடிகளிலேயே பாழாகலாம்.

இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் டர்போவுக்குப் புதியவர்கள் அல்ல. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிகள், போர்வெல் வண்டிகள், ஆந்திராவிலிருந்து இறங்கும் லாரிகள் என்று டீசல் டர்போவைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்த அனுபவமே பெட்ரோலில் கொஞ்சம் ஏமாற்றுகிறது. டீசல் எஞ்சினின் பிஸ்டனும் கன்ராடும் கிராங்கும் பிறக்கும்போதே பெரும் அழுத்தத்துக்காகத் தடித்துச் செய்யப்பட்டவை. அங்கே காற்று மட்டும் அழுத்தப்பட்டு டீசல் பிறகு பாய்வதால், பெட்ரோலில் வருகிற இந்த வகை நாக்கிங்குக்கு இடமில்லை. டீசலுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று கொடுத்தால் அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் பொறுக்காது.

திருத்தணி வெயிலின் கணக்கு

அக்னி நட்சத்திர நாட்களில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குத் திருத்தணி பழக்கமான பெயர். வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் வேலூரோடு போட்டிபோடும் ஊர். இந்த வெயிலுக்கும் நம் விஷயத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்ப் பிடித்தவர்களுக்குத் தெரியும். 42 டிகிரி வெயிலில் உள்ளே இழுத்த காற்றை டர்போ 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்றும்போது, அதன் திறன் 70 சதவிகிதம் என்று வைத்தால், காற்று ஏறக்குறைய 140 டிகிரியில் வெளியே வரும். அதைக் குளிர்விக்காமல் எஞ்சினுக்குள் விடுவது நாக்கிங்கை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். இன்டர்கூலர் இல்லாத டர்போவை இந்த ஊரில் யார் மாட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். இன்டர்கூலரும் வெளிக்காற்றைவிடக் குளிராக்க முடியாது. பெங்களூரில் மாலை நேரத்தில் டியூன் செய்த வண்டி, மே மாத மதியத்தில் திருத்தணியில் அதே டியூனில் ஓடினால் நாக் அடிக்க வாய்ப்பு அதிகம். டியூன் செய்பவரிடம் ஊரையும் மாதத்தையும் சொல்லுங்கள்.

எத்தனால் 20 சதவிகிதம் கலந்த இன்றைய பெட்ரோல் இதில் ஓரளவு துணைக்கு வருகிறது. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும், நாக்கிங்கையும் தடுக்கும். ஆனால் அதே சக்திக்கு அதிக அளவு எரிபொருள் பாய வேண்டும். பழைய இன்ஜெக்டரும் பழைய பம்ப்பும் போதாமல் போனால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

1962ல் ஒரே கம்பெனி, இரண்டு வழிகள்

டர்போவின் அடிப்படைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். விற்பனைக்கான காரில் அது வர 1962 ஆனது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே ஆண்டில் இரண்டு டர்போ கார்களை இறக்கியது. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் தன் எஞ்சினின் உயர்ந்த கம்ப்ரஷனை, 10.25க்கு 1 என்ற அளவில், குறைக்காமலே டர்போ போட்டது. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பாய்ச்சினார்கள். தொட்டி காலியானால் சக்தி தானாகக் குறையும். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், புகார்கள் குவிந்தன, இரண்டே ஆண்டில் கார் நின்றது.

இன்னொன்று செவர்லே கார்வேர். அவர்கள் கம்ப்ரஷனை 8க்கு 1 ஆக இறக்கினார்கள். கிராங்குக்கு வலுவான எஃகு போட்டார்கள், கன்ராடையும் வால்வையும் பலப்படுத்தினார்கள். உள்ளே பலம் சேர்த்துவிட்டு வெளியே டர்போ மாட்டினார்கள். கார்வேர் டர்போ 1966 வரை தயாரிப்பில் இருந்தது. அறுபது ஆண்டுக்கு முந்தைய இந்தப் பாடத்தைவிடத் தெளிவாக எதையும் நான் சொல்லிவிட முடியாது.

இந்தப் பாடத்தின் உச்சத்தைக் காட்டியது பி.எம்.டபிள்யூ. 1983ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் பட்டம் வென்ற பிரபாம் காரில் இருந்த 1,499 சிசி எஞ்சினின் பிளாக், 1960களில் சாதாரணக் குடும்பக் கார்களுக்காக உருவான வார்ப்பிரும்பு பிளாக்கின் வழி வந்தது. டர்போ எஞ்சினோடு வென்ற முதல் ஓட்டுநர் பட்டம் அது. பொறியாளர் பால் ரோஷே அந்தக் குடும்ப பிளாக்கின் உள்ளே வைத்த உறுப்புகள்தான் வேறு.

லேத் பட்டறையில் என்ன நடக்க வேண்டும்

‘ஃபுல் வேலை’ என்று சொல்லி எஞ்சினை இறக்குவதும், டர்போவுக்காக எஞ்சின் கட்டுவதும் ஒரே பட்டறையில் நடக்கலாம். மெஷினும் அதேதான். அளவுகளும் பொறுமையும் மாறும்.

முதல் மாற்றம் பிஸ்டன். வார்ப்பைக் கழற்றிவிட்டு, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதில் இரண்டு உலோகக் கலவைகள் புழக்கத்தில் உள்ளன. 4032 என்பதில் சுமார் 12 சதவிகிதம் சிலிக்கான். அதிகம் விரியாது, சாலை வண்டிக்கும் ஒத்துவரும். 2618 என்பதில் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அடியைத் தாங்குவதில் இதுவே மேல், ஆனால் சூட்டில் நன்றாக விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் டக் டக்கென்று சத்தம் கேட்கும். அது கோளாறில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து இடைவெளியைக் குறைத்துப் போரிங் செய்தால் எஞ்சின் சீஸ் ஆகும்.

போரிங்கிலும் ஹோனிங்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டை மாட்டி போல்ட்டுகளை முறுக்கும்போது, அந்த இழுப்பில் சிலிண்டரின் வட்டம் லேசாகக் கோணுகிறது. ஹெட் இல்லாமல் ஹோனிங் செய்த கச்சிதமான வட்டம், ஹெட் ஏறியதும் வட்டமாக இருப்பதில்லை. அதனால் ஹெட்டுக்குப் பதில் தடிமனான இரும்புத் தகடு ஒன்றை, அதே கேஸ்கட்டோடு அதே முறுக்கத்தில் மாட்டி, நடுவிலுள்ள துளைகள் வழியே ஹோனிங் செய்வார்கள். டார்க் பிளேட் என்று பெயர். எஞ்சினுக்கேற்ற ஒரு தகட்டை நல்ல லேத்காரர் எவரும் கடைந்துவிடலாம். திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பட்டறைகளில் இதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் வர வேண்டும். கேட்பவர் வந்தால் செய்பவரும் வருவார்.

ரிங் கேப்பைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு வெட்டு உண்டு. சூட்டில் ரிங் நீளும்போது இந்த வெட்டு சுருங்கும். சாதாரண எஞ்சினுக்கு, சிலிண்டர் விட்டத்தில் அங்குலத்துக்கு 4 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பொதுக் கணக்கு, 74 மி.மீ. சிலிண்டருக்கு ஏறத்தாழ 12 தௌ வரும். கடுமையான டர்போ ஓட்டத்துக்கு அங்குலத்துக்கு 6 தௌ வரை போவார்கள். அதாவது 17 தௌ. இந்த ஐந்து தௌ வித்தியாசத்தை விடாவிட்டால், உச்ச வேகத்தில் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும். நீள இடமில்லாத ரிங் சிலிண்டர் சுவரில் இறுகி, பிஸ்டனின் திட்டையே பிய்த்துவிடும். பிரித்துப் பார்ப்பவர்கள் இதையும் நாக்கிங் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஃபீலர் கேஜும் சின்ன அரமும் வைத்து ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரிலேயே வைத்துச் சரிபார்ப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.

கன்ராடுக்கு 4340 என்ற குரோம்-நிக்கல் எஃகில் அடித்த, எச் வடிவக் குறுக்குவெட்டு கொண்டவை வெளிநாட்டுச் சந்தையில் கிடைக்கின்றன. நான்கையும் தராசில் வைத்து ஒரு கிராமுக்குள் சமப்படுத்த வேண்டும். போல்ட்டை முறுக்க டார்க் ரெஞ்ச் மட்டும் போதாது. முறுக்கியதில் போல்ட் எவ்வளவு நீண்டது என்று மைக்ரோமீட்டரில் அளப்பதே சரியான முறை. கிராங்கை பாலன்ஸ் செய்து, பாயின்ட்டுகளை பாலிஷ் போட்டு, பேரிங் இடைவெளியை விட்டத்தின் அங்குலத்துக்கு 1 தௌ என்ற கணக்கில் வைப்பார்கள். ஹெட்டுக்குப் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், போல்ட்டுக்குப் பதில் ஸ்டட். கம்ப்ரஷனை இறக்க தடித்த கேஸ்கட் போட்டுச் சமாளிப்பது மலிவான வழி, நல்ல வழி அல்ல. பிஸ்டன் தலையின் வடிவத்திலேயே அதைச் செய்ய வேண்டும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அது நிற்பது ஆயில் படலத்தின் மேல்தான். ஆயிலில் கஞ்சம் பிடித்தால் மற்றதெல்லாம் வீண்.

இறக்குமதி பிஸ்டனும் கன்ராடும் சேர்ந்தே லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு முடியாதவர்களுக்கு நான் சொல்வது: டர்போவோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் காரை வாங்குங்கள். இன்று ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் 100 குதிரைத் திறனுக்கு மேல் தரும் கார்கள் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் பிஸ்டனும் ஆயில் ஜெட்டும் வால்வும் அந்த அழுத்தத்துக்காகவே பிறந்தவை.

சோழவரம் இதே மாவட்டம்தான்

சென்னைக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரியை எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்ததும், 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தியாவின் முக்கியமான கார் பந்தயம் அங்கேதான் நடந்ததும் இந்தத் தலைமுறைக்கு அதிகம் தெரியாது. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அந்தச் சோழவரமும் இருக்கிறது. இறக்குமதி உதிரி பாகங்கள் கிடைக்காத காலத்தில், ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, கையால் பாலிஷ் போட்டு, லேத்தில் கடைந்து ஓடவைத்தார்கள். நம் பட்டறைத் திறமைக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

அங்கே விதைத்தவர்களில் முக்கியமானவர் கோவையின் எஸ்.கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் பந்தயத்தை எட்டிப் பார்க்கும்படி செய்தார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். வித்தியாசம் ஓட்டுபவரின் கையிலும், எஞ்சினை அளந்து கட்டியவரின் கையிலும். பின்னாளில் ஃபார்முலா 1ஐ எட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் ஃபார்முலா மாருதிதான். 1995ல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரத்துக்குப் பின் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய சுமார் 3.7 கி.மீ. தடம் அது. திருத்தணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இந்தத் தடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு: இப்படி மாற்றிய வண்டிக்குச் சாலையில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இது ஒன்றே போதும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சாலையில் நடப்பவர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருபவர்களும், புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்களும் இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருட்டில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருநூறு குதிரைத் திறன் வண்டியைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

பந்தயத்தில் ஓட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு உரிமம் வழங்குகிறது. உங்கள் எஞ்சினை நாலு பேர் பிரித்து அளந்து பார்க்கும் இடமும் பந்தயக் களம்தான். டர்போவுக்கு எடுத்துவைத்த பணத்தோடு இந்த வருடம் ஒரு நல்ல லேத்காரரைத் தேடிப் போங்கள். பிஸ்டன், கன்ராடு, ரிங் கேப் ஆகியவற்றின் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். டர்போவை அதற்குப் பிறகு மாட்டுங்கள். ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள்.